முக்குது, குட்டி வரல: சினை ஆடு ஈனும்போது அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

ஆடு முக்க ஆரம்பித்ததும் முதலில் மணியைப் பாருங்கள். கொட்டகைத் தூணில் கரித்துண்டால் எழுதிவிடுங்கள்: முக்க ஆரம்பித்தது எத்தனை மணி, பனிக்குடம் உடைந்தது எத்தனை மணி, முதல் குட்டி விழுந்தது எத்தனை மணி. ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு நிற்கும்போது 10 நிமிஷம் ஒரு மணி நேரமாகத் தெரியும். பதறிப்போய் கையை விடுவார்கள். தூங்கி எழுந்து வந்தவருக்கோ 3 மணி நேரம் போனதே தெரியாது. குட்டியும் தாயும் போவது பெரும்பாலும் இந்த இரண்டு வழியில்தான். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நேரக் கணக்கு வரும். அதை விடாதீர்கள்.

நாள் கணக்கு

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் சராசரி 150 நாள்; 145-லிருந்து 155 வரை முன்பின் ஆகும். கிடா சேர்ந்த தேதிக்கு 5 மாதம் கூட்டி 3 நாள் கழித்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஜூன் 15-இல் சேர்ந்தது நவம்பர் 12-இல் ஈனும். தமிழ் மாதத்தில் சொன்னால் இன்னும் சுலபம்: வைகாசி, ஆனியில் கிடா விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் குட்டி. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லும் ஊரில், அதுவும் கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் தாழ்வான கடலூர்ப் பக்கத்தில், அந்த இரண்டு மாதம் குட்டி எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை கிடாவைத் தனியாகக் கட்டுங்கள். மேய்ச்சலுக்கு ஊர் ஆடுகளோடு போகிற மந்தையில் இது முடியாது. அப்படியானால் மழைக்காலத்துக்கு இப்போதே தயாராகுங்கள்.

முன்கூட்டியே செய்து வைப்பவை

ஈனுவதற்கு 3, 4 வாரம் முன்னால் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி போகும். ஈனுவதற்கு முதல் நாள் போட்டுப் பயனில்லை. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கொடுக்கக் கூடாது. குட்டி ஊனமாகலாம்.

ஈனும் இடம் 5 அடிக்கு 5 அடி போதும். காய்ந்த தரை, வைக்கோல் படுக்கை, காற்று நேராக அடிக்காத மூலை. பரண் கொட்டகை வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெரிய ஆட்டுக்குச் சரியாக இருக்கும் சட்ட இடுக்கில் பிறந்த குட்டியின் கால் இறங்கி மாட்டிக்கொள்ளும். அந்த மூலையில் மட்டும் பலகையோ தடித்த சாக்கோ போட்டு, மேலே வைக்கோல் பரப்பிவிடுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடி போட்டு இவற்றை வைத்திருங்கள்: முழங்கை வரை வரும் கையுறை 4 ஜோடி, போவிடோன் அயோடின் 100 மில்லி, டிங்க்சர் அயோடின், திரவ பாரஃபின் அல்லது சுத்தமான தேங்காய் எண்ணெய், வேகவைத்த நூல், புது பிளேடு, பழைய பருத்தித் துண்டு 5 அல்லது 6, தெர்மாமீட்டர், 20 மில்லி ஊசிக்குழல் (ஊசி இல்லாமல்), நிப்பிள் பாட்டில், சமையல் தராசு, டார்ச், சர்க்கரை அரைக் கிலோ. சர்க்கரை எதற்கென்று பின்னால் வரும். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. புதுச்சேரிப் பக்கம் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிசேரியன் வரைக்கும் போகக்கூடிய ஆடு என்றால் வண்டி யாருடையது, எந்த வழியாகப் போவது என்று பகலிலேயே பேசி வையுங்கள்.

"நாள் ஆயிடுச்சு, ஒண்ணும் தெரியல"

முதலில் கணக்கைச் சந்தேகப்படுங்கள். ஆடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். நீங்கள் பார்த்த சேர்க்கையில் பிடிக்காமல் அடுத்ததில் பிடித்திருந்தால் 21 நாள் தள்ளிப்போகும். கிடா கூடவே நிற்கும் மந்தையில் இது சகஜம்.

மடியை மட்டும் நம்பாதீர்கள். சில ஆட்டுக்கு 3 வாரம் முன்னாலேயே மடி இறங்கிவிடும், சிலதுக்கு ஈன்ற பிறகுதான் நிறையும். நம்பக்கூடிய இடம் வால் அடி. முதுகெலும்பு வாலை நோக்கி இறங்கும் இடத்தில் இருபுறமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். பென்சில் தடிமனில் இறுக்கமான தசைநார் கைக்குத் தட்டுப்படும். தினமும் சாயந்திரம் ஒருமுறை தொட்டுப் பழகுங்கள். அது கரைந்து, விரல் இரண்டும் வால் எலும்பைச் சுற்றிக் கிட்டத்தட்டச் சேரும் அளவுக்கு இடம் குழைந்துவிட்டால், அநேகமாக 24 மணி நேரத்துக்குள் குட்டி.

155 நாள் தாண்டி, வயிறு மட்டும் பெரிதாக இருந்து, குட்டி அசைவு கைக்குத் தெரியவில்லையென்றால் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். கருப்பையில் தண்ணீர் மட்டும் கோத்துப் பொய்ச்சினையாக நிற்பது வெள்ளாட்டில் உண்டு.

"கடைசி மாசம், தீனி எடுக்கல, ஒதுங்கி நிக்குது"

இந்தப் பக்கத்தில் மழைக்காலத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். "சினை ஆடு, அதான் சோம்பலா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். நாலாம் நாள் படுத்தது எழுந்திருக்காது.

நடப்பது இது. குட்டியின் எடையில் சுமார் 70 சதவீதம் கடைசி 6 வாரத்தில்தான் ஏறுகிறது. இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆட்டுக்கு வயிற்றில் இடமும் குறைந்துவிடும், தீனிப்பையை அமுக்கும். அந்த நேரம் பார்த்து 4 நாள் விடாமல் மழை. மேய்ச்சல் இல்லை, ஈரத் தழையை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உடம்பு தன் கொழுப்பையே கரைத்துச் சக்தி எடுக்கும். அளவுக்கு மீறிக் கரையும்போது கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் சேர்ந்து ஆட்டையே சாய்க்கிறது. சினைக்கால கீட்டோசிஸ் என்பார்கள். ரொம்பக் கொழுத்த ஆட்டுக்கும் வரும், ரொம்ப மெலிந்ததுக்கும் வரும்.

வரிசையாகக் கவனியுங்கள்: முதலில் தவிடு, புண்ணாக்கை ஒதுக்கும், தழையை மட்டும் கொறிக்கும். பிறகு மந்தையை விட்டுத் தனியே நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். கணுக்கால் வீங்கலாம். வாயை முகர்ந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி ஓர் இனிப்பு வாடை. கடைசியில் கண் தெரியாதது போல் சுவரில் முட்டும், தலையைப் பின்னால் வளைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர் கீட்டோன் பட்டையை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம். நிறம் மாறினால் அன்றைக்கே டாக்டர்.

ஆடு நிற்கும் நிலையில் இருந்தால் புரோப்பிலீன் கிளைக்கால் வாய் வழியாகக் கொடுப்பது முதல் வேலை: பெரிய உடம்பு ஆட்டுக்கு 60 மில்லி, 25 கிலோ நாட்டு ஆட்டுக்கு அதில் பாதி, காலையும் மாலையும். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். முகம் தரைக்கு இணையாக இருக்க, கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பது வழக்கம். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வெல்லம் ஆட்டின் தீனிப்பையிலேயே புளித்துவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். படுத்துவிட்ட ஆட்டுக்கு நரம்பு வழி குளுக்கோஸ், கால்சியம், சில சமயம் குட்டியை முன்கூட்டியே வெளியே எடுப்பது என்று போகும். அது டாக்டர் வேலை.

இதே சோர்வோடு காது சில்லிட்டு, நடை தள்ளாடி, கைகால் நடுங்கினால் கால்சியம் குறைவாகவும் இருக்கலாம். கால்சியம் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றால் சந்தேகம் தீர்ந்தது. நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் அடுத்தவர் போடுவதைப் பார்த்து மட்டும் பழகியவர் யாரும் இதைப் போட வேண்டாம்.

வராமல் தடுப்பது மலிவு. புரட்டாசி முடிவதற்குள் ஒரு சினை ஆட்டுக்கு நாளைக்கு 1 கிலோ கணக்கில் 15 நாளைக்கு, அதாவது 15 கிலோ காய்ந்த தீனியை மழை படாத இடத்தில் ஏற்றுங்கள். விருத்தாசலம் பக்கம் கடலைக்கொடி, காட்டுமன்னார்கோவில் பக்கம் உளுந்துக்கொடி, பண்ருட்டிப் பக்கம் கேட்கவே வேண்டாம், பலா இலை. கடைசி 6 வாரத்துக்கு அடர்தீவனம் நாளைக்கு 100 கிராமில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி 300 கிராம் வரை. ஒரே நாளில் கூட்டினால் வயிறு புளித்து வேறு வம்பு. 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 37, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. புண்ணாக்கில் பூஞ்சை மணம் வந்தால் சினை ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

"படுத்தா பின்னால சிவப்பா உருண்டை தள்ளுது"

ஈனுவதற்கு முந்தைய வாரங்களில், படுக்கும்போது எலுமிச்சை அல்லது ஆரஞ்சு அளவு இளஞ்சிவப்பு உருண்டை வெளியே வந்து, எழுந்தால் உள்ளே போனால் பிறப்புப்பாதை தளர்ந்து தள்ளுகிறது. உடனே உயிர்ப்பயம் இல்லை. பின்னங்கால் பக்கம் அரை அடி உயரமாக இருக்கும்படி மண்ணைக் கூட்டிப் படுக்க வையுங்கள். தழையை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துக் கொடுங்கள்.

எழுந்தும் உள்ளே போகவில்லையென்றால் குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் கழுவி, மேலே சர்க்கரையைத் தூவி 10 நிமிஷம் ஈரத்துணியால் மூடுங்கள். சர்க்கரை வீக்க நீரை உறிஞ்சும், உருண்டை சுருங்கும். பிறகு எண்ணெய் தடவி, உள்ளங்கையால், விரல் நுனியால் அல்ல, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டர் தையல் போடுவார். அந்தத் தையலை ஈனும் நேரத்தில் அவிழ்க்க வேண்டும் என்பதைத் தூணில் பெரிதாக எழுதிவையுங்கள். அவிழ்க்க மறந்தால் கிழிந்துவிடும்.

ஈன்ற *பிறகு* தள்ளினால் கதை வேறு. பெரிய பையாகத் தொங்கி, மேலே பொத்தான் பொத்தானாகத் தெரிந்தால் அது கருப்பை. ஈரத்துண்டில் ஏந்தி, பின்புற மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஆட்டை நடக்க விடாமல் டாக்டருக்குப் போன். இதில் காத்திருக்கும் நேரமே கிடையாது.

"முக்குது, குட்டி வரல"

கால் மாற்றி மாற்றி நிற்பது, தரையைப் பிறாண்டுவது, படுப்பது எழுவது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது எல்லாம் முதல் கட்டம். தலையீத்துக்கு (முதல் ஈற்றுக்கு) இது 12 மணி நேரம்கூட ஓடலாம். தொடாதீர்கள், தூரத்திலிருந்து பாருங்கள். கூட்டம் கூடினால் ஆடு நிறுத்திவிடும்.

கடிகாரம் ஓடத் தொடங்குவது பலமாக முக்கும்போது: வயிறு இறுகி, கால் நீட்டி, சத்தம் போட்டு முக்கும். அதிலிருந்து 30 நிமிஷத்தில் காலோ மூக்கோ பனிக்குடமோ கண்ணில் படவில்லையென்றால் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பனிக்குடம் உடைந்து 1 மணி நேரத்தில் குட்டி விழவில்லையென்றாலும் அப்படியே. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே அரை மணி நேரம் சாதாரணம். அதன்பின் மறுபடி பலமாக முக்கி ஒன்றும் வராவிட்டால் பாருங்கள்.

கை வைக்கும் முன்: நகம் ஒட்ட வெட்டி, மோதிரம் வளையல் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஆட்டின் பின்புறத்தைப் போவிடோன் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கையுறை மேல் எண்ணெய் தாராளமாக. வீட்டில் யாருக்குக் கை சிறிசோ அவர்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் இந்த வேலையிலேயே இருக்கக் கூடாது. ஆட்டை இன்னொருவர் தலைப்பக்கம் பிடிக்கட்டும். விரல்களைக் குவித்து, ஆடு முக்காத இடைவெளியில் மட்டும் உள்ளே போங்கள்.

சரியான நிலை: இரண்டு முன்னங்கால் குளம்பு, அதன் மேல் மூக்கு, நீச்சலுக்குப் பாய்கிற மாதிரி. கைக்குத் தட்டுப்படும் கால் முன்னதா பின்னதா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டே போங்கள். முதல் மூட்டும் இரண்டாவது மூட்டும் *ஒரே பக்கம்* மடங்கினால் முன்னங்கால். *எதிரெதிராக* மடங்கி, இரண்டாவது மூட்டின் பின்னால் கூரான எலும்பு முனை தட்டினால் பின்னங்கால். இதைப் பகலில், நிற்கிற குட்டி ஒன்றின் காலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி 10 தடவை பழகிக்கொள்ளுங்கள். ராத்திரி விரல் தானே சொல்லும். அடுத்தது, பிடித்திருக்கும் இரண்டு காலும் ஒரே குட்டியுடையதா? காலிலிருந்து நெஞ்சு வரை தடவிப் போய், அங்கிருந்து மறு காலுக்கு இறங்கி வந்தால்தான் உறுதி. இரட்டையில் ஆளுக்கொரு கால் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் மாட்டும்.

*மூக்கும் ஒரு காலும் மட்டும்.* மற்ற முன்னங்கால் பின்னால் மடிந்திருக்கிறது. நாட்டு ஆட்டில் சிறு குட்டியாக இருந்தால் இப்படியே வந்துவிடுவதும் உண்டு. வரவில்லையென்றால் முக்காத நேரத்தில் தலையை மெதுவாக உள்ளே தள்ளி இடம் பண்ணி, முட்டியைக் கண்டுபிடித்து, குளம்பை உங்கள் உள்ளங்கைக்குள் பொத்தி முன்னே கொண்டுவாருங்கள். பொத்தாமல் இழுத்தால் குளம்பு நுனி கருப்பையைக் கிழிக்கும். முக்கால்வாசி விபத்து இங்கேதான்.

*இரண்டு கால் வருகிறது, தலை இல்லை.* தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. இழுக்க இழுக்கக் கழுத்து இன்னும் மடங்கும். கால்களில் ஒரு நூல் கண்ணி போட்டு விட்டுவிட்டு (தொலைந்துபோகாமல் இருக்க மட்டும், இழுக்க அல்ல), உடலை உள்ளே தள்ளி, தாடைக்குப் பின்னால் கைகொடுத்துத் தலையைத் திருப்புங்கள். இது கடினமான வேலை. 15 நிமிஷத்தில் முடியவில்லையென்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

*தலை மட்டும் வெளியே, நாக்கு வீங்கி நீலமாகத் தொங்குகிறது.* செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வாய்க்குள் விரல் வைத்தால் சப்புகிறதா பாருங்கள். எண்ணெய் விட்டு, கழுத்துக்கு அடியில் விரலை நுழைத்து ஒரு காலையாவது வெளியே எடுத்தால் மற்றது நழுவி வரும்.

*பின்னங்கால் இரண்டும் முதலில்.* திருப்ப முயற்சி வேண்டாம், அப்படியே வரும். ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு இழுப்பதை நிறுத்தக் கூடாது. தொப்புள் கொடி அமுங்கி, உள்ளே தலை இருக்கும்போதே குட்டி மூச்சிழுத்து நீர் குடித்துவிடும்.

*வால் மட்டும் தட்டுப்படுகிறது, கால் இல்லை.* குட்டியை முன்பக்கம் தள்ளி, பின்னங்கால் மூட்டை மடக்கி மேலே தூக்கி, குளம்பைப் பொத்தி ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தால் மேற்சொன்ன நிலைக்கு வந்துவிடும்.

இழுக்கும் விதம்: ஆடு முக்கும்போது மட்டும் இழு, நிறுத்தும்போது நிறுத்து (பின்னங்கால் முதலில் வந்து இடுப்பு வெளியே வந்துவிட்ட குட்டிக்கு மட்டும் இது பொருந்தாது). நேராக அல்ல, கீழ்நோக்கி, ஆட்டின் பின்னங்கால் மூட்டைப் பார்த்து. ஒரு காலைச் சற்று முன்னே, மற்றதைப் பின்னே வைத்து இழுத்தால் தோள் சாய்ந்து நழுவும். ஓர் ஆளின் கைப்பலத்துக்கு வராத குட்டி இரண்டு ஆள் பலத்துக்கும் முழுசாக வராது.

கை போய்ச் சேரும் இடத்தில் கருப்பை வாய் ஒரு வளையமாக இறுகி இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். விரித்து விரித்துத் திறக்க முயலாதீர்கள். "பால் இறங்குற ஊசி ஒண்ணு போட்டா தள்ளிடும்" என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்து யோசனை வரும். ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. வாய் மூடியிருக்கும்போதோ குட்டி குறுக்கே கிடக்கும்போதோ போட்டால் கருப்பையே கிழியலாம். இது சிசேரியனுக்கான ஆடு, வண்டி எடுங்கள்.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க, ஆட்டின் பின்னால் நின்று, மடிக்கு முன்னால் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கோத்துச் சட்டென்று தூக்கி விடுங்கள். கெட்டியாக ஏதாவது கையில் இடித்தால் இன்னும் ஒன்று இருக்கிறது. கை உள்ளே போன ஆட்டுக்கு டாக்டரைக் கேட்டு ஆன்டிபயாடிக் அவசியம்.

"குட்டி விழுந்துது, மூச்சில்ல"

முதலில் மூக்கையும் வாயையும் துணியால் வழித்தெடுங்கள். தலை கீழாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விலாவை முரட்டுத் துண்டால் அழுத்தித் தேயுங்கள். காய்ந்த வைக்கோல் தாளை மூக்குத் துவாரத்தில் விட்டுக் கிளறினால் தும்மும், தும்மினால் பிழைத்தது. நெஞ்சில் விரல் வைத்து இதயம் துடிக்கிற வரை விடாதீர்கள். காலைப் பிடித்துச் சுழற்றும் வழக்கம் பல இடத்தில் உண்டு. ஈரக் குட்டி கை நழுவித் தூணில் அடிபடும். அதைவிடத் தேய்ப்பது மேல்.

"குட்டி சில்லுனு கெடக்கு, பால் குடிக்கல"

வாய்க்குள் விரலை விடுங்கள். சூடாக இருந்தால் பசி. சில்லென்று இருந்தால் குளிர். சரியான குட்டிக்கு ஆசனவாய்ச் சூடு 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். 99-க்குக் கீழே போன குட்டிக்குப் பாலைப் புகட்டாதீர்கள். வயிறு வேலை செய்யாது, சப்பவும் தெரியாது, பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் சூடு.

குட்டியைக் கழுத்துவரை பாலிதீன் பையில் போட்டு, 104 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் (முழங்கைக்கு இதமாக இருக்கும் சூடு) 10, 15 நிமிஷம் பிடியுங்கள். பை எதற்கென்றால், நேரடியாகத் தண்ணீரில் முக்கினால் தாயின் மணம் போய்விடும், பிறகு தாய் சேர்க்காது. துடைத்து, அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். பிறந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஆகியும் இப்படிக் கிடந்தால் ரத்தச் சர்க்கரையும் தீர்ந்திருக்கும். சூடேற்றும் முன்பே குளுக்கோஸ் தேவைப்படலாம், டாக்டரைக் கேளுங்கள்.

குண்டு பல்பு போடுபவர்கள் 3 அடி உயரத்தில், சங்கிலியில் கட்டுங்கள். ஒயரில் தொங்கினால் ஆடு முட்டி வைக்கோலில் விழும், தீ. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று இந்தக் கடற்கரைக்கு வந்ததெல்லாம் குட்டிக் காலத்தில்தான். கரண்டு இல்லாத ராத்திரிக்கு வெந்நீர் பாட்டிலும் ஃப்ளாஸ்க்கும்தான் கை கொடுக்கும்.

தொப்புள் கொடி தானே அறுந்துவிடும். நீளமாகத் தொங்கினால் 2 அங்குலம் விட்டு நூலால் கட்டி வெட்டுங்கள். டிங்க்சர் அயோடினைச் சின்ன மூடியில் ஊற்றி, கொடி முழுசும் *முங்கும்படி* குட்டியின் வயிற்றோடு அழுத்திப் பிடியுங்கள். பஞ்சால் தொட்டு வைப்பது பற்றாது. விட்டால் ஒரு வாரம் கழித்து முட்டி வீங்கிக் குட்டி நொண்டும். ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும்.

"தாய் சேர்க்க மாட்டேங்குது" அல்லது "பால் வரல"

சீம்பால் முதல் 1 மணி நேரத்தில். ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 50 மில்லி. 2 கிலோ குட்டிக்கு 100 மில்லி. முதல் 24 மணி நேரத்தில் குறைந்தது எடையில் பத்தில் ஒரு பங்கு, 2 கிலோவுக்கு 200 மில்லி. அதற்கு மேல் போனால் நல்லது. சீம்பாலைக் கறந்து கீழே ஊற்றிவிட்டு "கெட்டிப் பால் ஆகாது" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருவதே அதிலிருந்துதான், அதுவும் முதல் நாளைக்குள். பிறகு குடலே உள்ளே விடாது.

குட்டி சப்பிச் சப்பி விட்டுவிடுகிறதா? காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். இரண்டு பீச்சு பீச்சிவிட்டுக் கொடுங்கள். தாய்க்குப் பால் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால், அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். உபரி இருக்கும்போது 100 மில்லி பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு வெந்நீரில் வைத்து உருக்குங்கள். கொதிக்கவிட்டால் திரிந்து, வேலைக்கு ஆகாது.

தாய் எட்டி உதைத்தால் உடனே காலைக் கட்டாதீர்கள், முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். வலிக்கிறதால்தான் பாதி ஆடு உதைக்கும். மடி சரியென்றால், நஞ்சுக்கொடியோடு வரும் நீரைக் குட்டியின் தலையிலும் வால் அடியிலும் தடவி, தாயின் மூக்குக்கு நேரே காட்டுங்கள். 5 அடி அறையில் தாயும் குட்டியும் மட்டும், 2, 3 நாள். மூன்று குட்டி போட்டதில் காம்பு கிடைக்காத சின்னதை மூங்கில் பஞ்சாரத்தில் தனியாக அடைத்து, முறை போட்டுக் குடிக்க விடுங்கள்.

"நஞ்சு விழல"

நஞ்சு என்கிற இளங்கொடி வழக்கமாக 1 முதல் 6 மணி நேரத்தில் விழும். 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். தொங்குகிறதே என்று இழுக்கவோ, கனமாக இருக்கட்டும் என்று செருப்போ கல்லோ கட்டவோ வேண்டாம். உள்ளே பிய்ந்து ரத்தம் போகும், மிச்சம் அழுகும். 12 மணி தாண்டினால் டாக்டர். விழுந்ததை ஆடு தின்னும் முன் எடுத்து, 3 அடி குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டுக்குச் செய்வது போல் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டால் நாயும் காக்கையும் ஊர் முழுக்க இழுத்துப் போகும்.

பிறகு 2, 3 வாரம் பழுப்புச் சிவப்பாகக் கசிவது சாதாரணம். நாற்றம் அடித்தாலோ, சூடு 104-ஐத் தாண்டினாலோ கருப்பையில் சீழ்.

"நாளாகும் முன்னே விழுந்துடுச்சு"

ஒரு ஆடு என்றால் முட்டலோ அடியோ இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் தொற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரூசெல்லா இருந்தால் அது மனிதருக்கும் வரும், மாசக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல். வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த மந்தைப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். விழுந்த குட்டியையும் நஞ்சையும் இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோனால்தான் காரணம் தெரியும். மறுநாள் அழுகியதில் ஒன்றும் பார்க்க முடியாது. விழுந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள், சந்தைக்கு ஏற்றாதீர்கள்.

"மடி கல்லு மாதிரி இருக்கு"

தலையீத்து ஆட்டில் இரண்டு பக்கமும் சமமாக வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, சூடு இல்லையென்றால் வெறும் நீர்க்கோப்பு. வெதுவெதுப்பான துணி ஒத்தடம் போட்டு, அடிக்கடி கறந்தால் 3, 4 நாளில் வடியும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகச் சூடாக இருந்தால் கறுப்புத் துணியில் இரண்டு பீச்சு பீச்சுங்கள். திரிதிரியாகவோ ரத்தமாகவோ இருந்தால் மடிநோய். அந்தக் காம்பைக் குட்டிக்குக் காட்டாமல் கறந்து கொட்டிவிட்டு அன்றே மருந்து. சூடாக இருந்த பக்கம் திடீரென்று சில்லிட்டு, தோல் நீலம் பாரித்தால் மடி அழுகத் தொடங்கிவிட்டது. இப்போது காப்பாற்றப் பார்ப்பது ஆட்டை, மடியை அல்ல; ராத்திரியானாலும் போன் போடுங்கள், குட்டிகளைப் பாட்டிலுக்குப் பழக்க ஆரம்பியுங்கள்.